முதலீட்டு வங்கிப் பயிற்சி வகுப்பு: ஒரு பொறியாளரின் மதிப்பீடு

இயந்திரப் பொறியியல் படித்து 4 ஆண்டுகள் வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்த்தபின், நிறுவனங்கள் பணம் திரட்டவும் ஒன்றை ஒன்று வாங்கவும் உதவும் முதலீட்டு வங்கித் துறைக்கு மாற விரும்பி, இணையவழியில் நடத்தப்படும் 12 வாரப் பயிற்சி ஒன்றை அண்மையில் முடித்தேன். பொறியாளர்களுக்கென்றே உருவாக்கிய பாடம் என்ற விளம்பரத்தை நம்பித்தான் சேர்ந்தேன். அது பாதி உண்மை.

தொடக்கத்தில் வரும் கணக்கியல் பகுதிக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். தேய்மானம், அதாவது இயந்திரம் போன்ற நிலைச்சொத்தின் விலையில் ஆண்டுதோறும் செலவாக எழுதும் பங்கு, 10 கூடினால் இலாப நட்டக் கணக்கு, பணப்பாய்வு அறிக்கை, ஐந்தொகை (சொத்தை ஒரு பக்கமும் கடனையும் பங்குதாரர் நிதியையும் மறுபக்கமும் காட்டுவது) ஆகிய மூன்று நிதி அறிக்கைகளிலும் என்ன மாறும் என்பது இத்துறை நேர்காணல்களில் அடிக்கடி வரும் கேள்வி. வரி 25 சதவீதம் என்றால் நிகர இலாபம் 7.5 குறைகிறது, தேய்மானம் கையைவிட்டுப் போகும் பணம் அல்ல என்பதால் பணப்பாய்வு அறிக்கையில் அந்த 10 திரும்பச் சேர்ந்து ரொக்கம் 2.5 கூடுகிறது, ஐந்தொகையில் நிலைச்சொத்து 10 இறங்கி ரொக்கம் 2.5 ஏறுவதால் சொத்துப் பக்கம் 7.5 குறைய, மறுபக்கம் பங்குதாரர் நிதியும் அதே 7.5 குறைந்து கணக்கு நேராகிறது. ஆசிரியர் இதை ஒருமுறை எழுதிக் காட்டிவிட்டு, அடுத்த வகுப்பில் தாளும் பேனாவும் இல்லாமல் எங்களைச் சொல்ல வைத்தார். ஆற்றல் சமன்பாடு போட்டுப் பழகியவர்களுக்கு இந்த ஒழுங்கு உடனே பிடிபட்டுவிடும்.

எக்செல் பயிற்சியும் குறைசொல்ல முடியாதது. மவுஸைத் தொடவே விடவில்லை, எல்லாம் விசைப்பலகையில்தான்.

நிறுவன மதிப்பீட்டுக்கு வந்ததும் பாடம் தளர்ந்துவிடுகிறது. வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி விகிதம் 9 சதவீதமாக இருக்க, பணவரவு என்றென்றும் ஆண்டுக்கு எவ்வளவு வளரும் என்று வைக்கும் நிரந்தர வளர்ச்சியை 2 சதவீதத்திலிருந்து 3 ஆக்கினாலே, கணிப்புக் காலத்துக்குப் பின் வரும் பணவரவு அனைத்துக்குமான இறுதி மதிப்பு சுமார் 18 சதவீதம் எகிறுகிறது. 2, 3 என்ற இந்த இரண்டு வளர்ச்சி விகிதங்களில் எதை, எந்த நியாயத்தின்பேரில் எடுப்பது என்று கேட்டபோது, இரண்டையும் அட்டவணையில் போட்டுக் காட்டுங்கள் என்பதோடு பதில் முடிந்தது. சூத்திரம் எங்களுக்குச் சிரமமே இல்லை. எண்ணைத் தேர்ந்து அதற்காக வாதாடுவதுதான் வராது.

நேர்காணல் பகுதி அதைவிட மோசம். பொறியியலை விட்டு ஏன் வருகிறீர்கள் என்ற கேள்விக்கு எல்லோருக்கும் ஒரே பதிலை அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். இத்துறையில் இருக்கும் நண்பர் ஒருவர் நடத்திய மாதிரி நேர்காணலில் நான் அதை ஒப்பிக்கத் தொடங்க, இரண்டாவது வரியை அவரே சொல்லி முடித்தார்.

கணக்கியலும் எக்செலும் அறியாதவர்கள் அவற்றுக்காக மட்டும் இதில் சேரலாம். ஆனால் அந்தப் பகுதியைத் தனியாகத் தர மறுக்கிறார்கள். மொத்தக் கட்டணத்தையும் கட்டித்தான் ஆக வேண்டும்.