சர்ஜனா, பெர்க்கா?

இருட்டும் இரும்புச் சத்தமுமான டெக்னோ என்ற மின்னணு நடன இசையில் அண்மைய ஆல்பம் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால், என் கை முதலில் போவது பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சர்ஜனின் 'கிராஷ் ரீகாயில்' பக்கம்தான். 2023-இல் பெர்லினின் ட்ரெசார் லேபிளில், அதாவது இசை வெளியீட்டு நிறுவனத்தில், வந்தது. மேடையில் வாசித்து வளர்த்த இசையையே ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்திருக்கிறார். லூப், அதாவது திரும்பத் திரும்ப வரும் ஒலித்துண்டு, சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குள் ஓசைகள் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறும். கிக், அதாவது அடித்தாளமான பெரிய டிரம்மின் ஓசை, மற்றவற்றை அமுக்குவதே இல்லை. ஹெட்போனில் எத்தனை முறை கேட்டாலும் அலுக்காது.

லண்டன்காரர் பெர்க்கின் 'தி கட் ஆஃப்' நேரெதிர். 2024-இல் தன் சொந்த லேபிளான பெர்க் ட்ராக்ஸில் வெளியிட்டார். 2017-க்குப் பிறகு அவரிடமிருந்து வந்த முதல் ஆல்பம். கிக்கையே கரகரவென்று சிதைத்து முன்னால் நிறுத்துகிறார். சின்ன ஸ்பீக்கரில் பாதி காணாமல் போய்விடும். ஆட்டத்துக்கு என்றால் சரி, இதை எடுங்கள்.