ரவுட்டர் மாறினால் என்ன ஆகும்? வைஃபை பிளக்கும் ஜிக்பீ ஹப்பும்

விளக்கு, கீசர், மோட்டார் எல்லாவற்றையும் போனிலிருந்தே போடவும் அணைக்கவும் வேண்டும் என்று கிளம்பினால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, வீட்டு வைஃபையில் நேராகச் சேரும் பிளக், சுவிட்ச், பல்பு. இன்னொன்று, ஜிக்பீ என்ற வேறொரு கம்பியில்லா முறையில் பேசும் கருவிகளும், அவற்றை மேய்க்க ஹப் என்ற ஒரு பெட்டியும். திருச்சியில் அப்பா அம்மா இருக்கும் வீட்டில் இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு, இப்போது ஜிக்பீ பக்கம் நிற்கிறேன். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாக முடித்துவிடலாம். விலையில் வைஃபைதான் ஜெயிக்கும். ஹப் என்று தனிச் செலவு கிடையாது, எந்தக் கடையிலும் கிடைக்கும், பெட்டியைப் பிரித்து ஆப்பைப் போட்டால் சற்று நேரத்தில் வேலை முடியும். அலெக்சா, கூகுள் ஹோம் இரண்டும் இரண்டு வகையோடும் பேசும். கரண்ட் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. கேமரா, டிவி போன்றவற்றுக்கு இந்த இரண்டில் வைஃபைதான் வழி. ஜிக்பீயின் அதிகபட்ச வேகமே நொடிக்கு 250 கிலோபிட். அதில் 'விளக்கைப் போடு' என்ற கட்டளை தாராளமாகப் போகும், வீடியோ போகாது. ஏசி ரிமோட்டுக்குப் பதிலாக வைக்கும் அகச்சிவப்புப் பெட்டிகளும் பெரும்பாலும் வைஃபையில்தான் வருகின்றன. எனவே எந்த வீட்டிலும் கொஞ்சம் வைஃபை இருந்தே தீரும். மீதி இருக்கும் பிளக், சுவிட்ச், சென்சாரை எதில் போடுவது என்பதுதான் விஷயம்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு கேள்வி. ரவுட்டர் மாறும் நாளில் என்ன நடக்கும்?

வைஃபை பிளக்குக்குத் திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் அதற்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்த வேலையைப் போன் செய்கிறது. பிளக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தால் விளக்கு படபடவென்று மின்னும். அப்போது அது ப்ளூடூத்திலோ, தானே உண்டாக்கும் ஒரு குட்டி வைஃபையிலோ காத்திருக்கும். ஆப் அதைக் கண்டுபிடித்து பெயரையும் பாஸ்வேர்டையும் கையில் கொடுக்கும். பிளக் அதைத் தன் நினைவில் எழுதி வைத்துக்கொள்ளும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த மலிவுக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு, வைஃபை ஓடும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் 2.4 மட்டும்தான் தெரியும். 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் ரவுட்டரில் போன் 5-இல் உட்கார்ந்துகொண்டு பிளக்கைத் தேடினால், சில ஆப்கள் திணறும்.

ஆக, வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பிளக்கும் சுவிட்சும் அந்த ரவுட்டரின் பெயரையும் பாஸ்வேர்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. பெயர் மாறினால் எல்லாவற்றுக்கும் மறுபடி பாடம் எடுக்க வேண்டும்.

நம் வீடுகளில் ரவுட்டர் மாறுவது அபூர்வமா என்ன? வருடச் சந்தா முடிந்து வேறு நிறுவனத்துக்குத் தாவுவோம். இடி மின்னலில் ஃபைபர் பெட்டி போய்விடும். பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பாஸ்வேர்டு தெரிந்துவிட்டது என்று மாற்றுவோம். எங்கள் வீட்டில் நடந்தது முதல் வகை. புது நிறுவனத்து ஆள் வந்தார், ஃபைபரை இழுத்தார், புதுப் பெட்டியை மாட்டினார், அப்பா போனில் யூடியூப் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பினார். அவர் வேலையில் குறை எதுவும் இல்லை. ஆனால் வீட்டில் இருந்த வைஃபை கருவிகள் எல்லாம் பழைய பெயரையே தேடிக்கொண்டு நின்றன. கீசர் பிளக் பாத்ரூமுக்கு வெளியே, ஸ்டூல் போட்டால்தான் எட்டும் உயரத்தில். மாடிப்படி விளக்கின் சுவிட்ச் மாட்யூல் போர்டுக்குள்ளே. அதை ரீசெட் செய்யச் சுவிட்சைக் குறிப்பிட்ட வேகத்தில் பல தடவை தட்ட வேண்டும். அம்மாவுக்குப் போனில் சொல்லிப் பார்த்தேன். "நீ வர்றப்ப பாத்துக்கப்பா" என்றார். நான் ஊருக்குப் போகும்வரை எல்லாம் சாதாரணச் சுவிட்சுகளாகவே இருந்தன.

ஜிக்பீயில் ஏற்பாடே வேறு. ஹப் தனக்கென ஒரு தனி வலையமைப்பை உண்டாக்கி, அதற்கான சாவியைக் கருவிகளுக்குக் கொடுத்துவிடுகிறது. பிளக்குகளுக்கு ஹப்பைத்தான் தெரியும். ரவுட்டர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. வீட்டு வைஃபையின் பெயரை நாளுக்கு ஒரு முறை மாற்றினாலும் அவற்றுக்குக் கவலையில்லை. ரவுட்டரோடு பேச வேண்டியது ஹப் ஒன்றுதான்.

அந்த ஹப்பும் லேன் கேபிளில் இணைவதாக இருந்தால் இன்னும் நல்லது. பிலிப்ஸ் ஹ்யூ பிரிட்ஜ், ஐகியாவின் டிரிகெரா இரண்டிலும் லேன் துளை உண்டு. கேபிளுக்குப் பெயரும் பாஸ்வேர்டும் கிடையாது. சொருகியவுடன் ஹப் 'எனக்கு ஒரு முகவரி கொடு' என்று கேட்கும், ரவுட்டர் ஒன்றை எடுத்துக் கொடுக்கும். டிஎச்சிபி என்ற இந்த ஏற்பாடு 1993-லிருந்தே இருக்கிறது. வீட்டு நெட்வொர்க்கில் உண்மையிலேயே 'தானாக' நடக்கிற காரியம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். இப்போது ரவுட்டர் மாறினால் அம்மாவிடம் நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அந்த வெள்ளைப் பெட்டியோட ஒயரைக் கழட்டி புதுசுல சொருகும்மா." அமேசானின் எக்கோ 4-ஆம் தலைமுறை போல ஜிக்பீ ஹப்பை உள்ளேயே வைத்திருக்கும் ஸ்பீக்கர்களில் அந்த ஸ்பீக்கருக்கு மட்டும் புது வைஃபையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அது ஒரே வேலை, சமாளித்துவிடலாம்.

"புது ரவுட்டருக்குப் பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்துவிட்டால் போதுமே" என்று இந்த இடத்தில் ஒருவர் கேட்பார். சரியான கேள்வி. எழுத்து பிசகாமல், பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட அப்படியே வைத்தால், பெரும்பாலான கருவிகள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். புதுப் பெட்டி டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறை மட்டும் என்று நிற்காமல், பழைய டபிள்யூபிஏ2-வையும் ஏற்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதைச் செய்ய ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழையத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். என் பிரச்சினையே அங்கே அப்படி யாரும் இல்லை என்பதுதான்.

இதைவிட உருப்படியான மாற்று ஒன்று உண்டு. நிறுவனம் தரும் பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு, அதன் பின்னால் சொந்த ரவுட்டர் ஒன்றை வைத்துக்கொள்வது. அப்போது நிறுவனம் மாறினாலும் வீட்டு வைஃபை மாறாது, ஒரு கேபிளை மாற்றினால் போதும். ஏற்கெனவே நிறைய வைஃபை பிளக் வாங்கிவிட்டவர்கள் அவற்றைத் தூக்கிப் போட வேண்டாம், இதைச் செய்யுங்கள். நானும் கேமராவுக்காக இதைச் செய்திருக்கிறேன். ஆனாலும் சொந்த ரவுட்டர் பழுதானால் அல்லது பாஸ்வேர்டை மாற்ற வேண்டி வந்தால் பழைய கதைதான்.

ஜிக்பீக்கு இன்னொரு பலமும் உண்டு. நேராகக் கரண்டில் ஓடும் பிளக்குகள் தங்கள் வேலையோடு நிற்காமல், மற்றக் கருவிகளின் செய்தியையும் வாங்கி அடுத்ததற்குக் கடத்தும். எங்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டி மொட்டை மாடியில். கீழ் ஹாலில் இருக்கும் ரவுட்டரின் வைஃபை கான்கிரீட் தளத்தைத் தாண்டி அங்கே தடவித்தான் போகிறது. ஜிக்பீயும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், கான்கிரீட்டுக்கு முன்னால் அதற்கும் தனி வீரம் எதுவும் கிடையாது. ஆனால் மாடிப்படியில் இருக்கும் ஒரு பிளக் நடுவில் நின்று கடத்திவிடுகிறது. தொட்டியின் நிரம்பி வழியும் குழாய்க்கு அடியில் ஒரு நீர்க்கசிவு சென்சார் வைத்திருக்கிறேன். தண்ணீர் பட்டதும் மோட்டார் நின்றுவிடும். அந்த சென்சார் ஒரு சின்ன பட்டன் பேட்டரியில் ஓடுகிறது, பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டே இருப்பதால் பேட்டரி நெடுநாள் வரும். வைஃபையில் இப்படிப்பட்ட சென்சார்கள் இருந்தாலும் பேட்டரி விஷயத்தில் ஜிக்பீக்குப் பக்கத்தில் வருவதில்லை.

மோட்டார் என்றதும் ஒரு எச்சரிக்கை. 1 எச்பி மோட்டாரை எந்த ஸ்மார்ட் பிளக்கிலும் நேராக மாட்டாதீர்கள். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு, பிளக்குக்குள் கரண்டைப் போட்டு அணைக்கும் ரிலே ஒட்டிக்கொள்ளலாம். கான்டாக்டர் என்ற கனமான சுவிட்சை வைத்து, பிளக் அதை மட்டும் இயக்குமாறு எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். சென்சாரையும் மட்டும் நம்பி இருக்காமல் அதிகபட்ச ஓட்ட நேரம் ஒன்றையும் வைத்துவிடுங்கள்.

பல்புகளை நான் தொடவே இல்லை, எந்த வகையிலும். நம் வீடுகளில் அறையை விட்டு வெளியே வரும்போது சுவரில் சுவிட்சைத் தட்டிவிட்டுத்தான் வருவோம். தட்டியவுடன் ஸ்மார்ட் பல்பு செத்த பல்பு. ஜிக்பீயில் பாதிப்பு இன்னும் அதிகம், அந்தப் பல்பு வழியாகப் பேசிக்கொண்டிருந்த மற்றக் கருவிகளும் தடுமாறும். சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் மாட்டும் மாட்யூல்தான் சரி. போர்டில் நியூட்ரல் ஒயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜிக்பீயிலும் தலைவலி இல்லாமல் இல்லை. ஹப்பை ரவுட்டர் மேலேயே வைத்தால் இரண்டும் ஒரே அலைவரிசையில் மோதும். ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். வைஃபை 1-ஆம் அல்லது 6-ஆம் சேனலில் இருந்தால் ஜிக்பீயை 25-இல் வைப்பது நல்லது, ஆனால் அதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். பிறகு சேனலை மாற்றினால் சில கருவிகள் தொலைந்துபோய் மறுபடி சேர்க்கச் சொல்லும்.

ஹப் போனால்? இதில் என் அனுபவம் குறைவு, எங்கள் ஹப் இன்னும் உயிரோடு இருக்கிறது. கோட்பாட்டில் பார்த்தால் எல்லா முட்டையும் ஒரே கூடையில்தான். கணினியிலோ ராஸ்ப்பெரி பை என்ற குட்டிக் கணினியிலோ ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருளைப் போட்டு, யுஎஸ்பியில் சொருகும் ஜிக்பீ டாங்கிளோடு ஹப்பைத் தாங்களே ஓட்டுபவர்கள் பேக்கப் எடுத்து வைத்துக்கொள்ளலாம். தயாராக விற்கும் பல ஹப்களில் அந்த வசதி அரைகுறைதான்.

நிறுவனமே கடையைக் கட்டினால் இரண்டு வழிக்கும் ஆபத்துதான். அமெரிக்காவில் ரிவால்வ் என்ற ஹப்பைத் தயாரித்த நிறுவனத்தை நெஸ்ட் நிறுவனம் 2014-இல் வாங்கி, 2016-இல் சர்வரை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களின் ஹப் வெறும் டப்பாவானது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. ஆகவே 'ஹப்' என்று பெட்டியில் போட்டிருந்தாலே வீட்டுக்குள்ளேயே வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. சோதிப்பது சுலபம். ஃபைபரைக் கழற்றிவிட்டு, நீங்கள் வைத்த டைமரும் சென்சாரும் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஓடவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் திருப்பிவிடுங்கள்.

அப்புறம் மேட்டர். அமேசான், ஆப்பிள், கூகுள் எல்லாம் சேர்ந்து உருவாக்கிய பொதுத்தரம், முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. மேட்டரை ஏற்கும் எந்த நிறுவனத்தின் ஆப்பிலும் கியூஆர் குறியைக் காட்டிச் சேர்க்கலாம் என்பது நல்ல முன்னேற்றம். ஆனால் என் கேள்விக்கு அது முழுப் பதில் இல்லை. வைஃபையில் ஓடும் மேட்டர் பிளக்கும் வைஃபை பாஸ்வேர்டைத்தான் மனப்பாடம் செய்கிறது. ஜிக்பீ போலவே தனி வலையமைப்பில் ஓடும் த்ரெட் வகை மேட்டர் கருவிகள்தான் ரவுட்டர் மாற்றத்தைத் தாங்கும். அதை நான் அதிகம் புழங்கவில்லை, நம் ஊர்க் கடைகளிலும் இன்னும் குறைவாகத்தான் கண்ணில் படுகிறது. பெட்டியில் மேட்டர் முத்திரை இருந்தால் பக்கத்திலேயே த்ரெட் என்றும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வாடகை வீடு, ஒரு கீசர், ஒரு ஏசி, ரவுட்டர் அமைப்புப் பக்கம் திறக்கத் தெரியும் என்றால் ஹப்புக்குச் செலவழிக்க வேண்டாம், வைஃபையே போதும். கருவிகள் ஐந்தாறைத் தாண்டுகிறது, வீட்டில் இருப்பவர்கள் ஒரு ஊரில், ரீசெட் பொத்தானை அழுத்தத் தெரிந்தவர் இன்னொரு ஊரில் என்றால் முதலில் லேன் துளை உள்ள ஹப்பை வாங்குங்கள், பிளக்குகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.