போரான் வைரமா, நைட்ரஜன் வைரமா? ஸ்பின்னுக்கு எது தோது

தனிம அட்டவணையில் கார்பனுக்கு ஒரு பக்கம் போரான், மறுபக்கம் நைட்ரஜன். வைரத்துக்குள் எலெக்ட்ரானின் ஸ்பின்னோடு (அதைக் குட்டிக் காந்தம்போல ஆக்கும் பண்பு) விளையாட நினைப்பவர்களுக்கு இந்த இரண்டில் எந்த மாசைச் சேர்ப்பது என்பதுதான் முதல் கேள்வி.

போரானுக்குக் கார்பனைவிட ஓர் எலெக்ட்ரான் குறைவு. அந்தக் குறை, நேர்மின்னூட்டம்போல நகரும் காலியிடமாக, அதாவது மின்துளையாகிறது. மிகக் கொஞ்சம் கலந்தால் ஹோப் வைரம்போல நீலம். சில சதவீதம் திணித்தால் கல் கறுத்து, உலோகம்போல மின்சாரம் கடத்தும். 2004இல் ரஷ்யாவின் எகிமோவ் குழு கடும் அழுத்தத்தில் உருவாக்கிய அத்தகைய வைரம், சுமார் 4 கெல்வினில் (கிட்டத்தட்ட மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்) மீக்கடத்தியானது, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தியது. ஜப்பானில் வாயுவிலிருந்து வளர்த்த படலங்களில் பிற்பாடு 11 கெல்வின் வாக்கிலேயே மின்தடை விழத் தொடங்கியது.

சரி, ஸ்பின்? அங்கேதான் ஏமாற்றம். மீக்கடத்தும் நிலையில் மின்சாரம் சுமக்கும் துகள்கள் இரண்டிரண்டாக, கூப்பர் இணைகளாகச் சேர்கின்றன. ஒன்றின் ஸ்பின் மேலே, இன்னொன்றுடையது கீழே. கூட்டினால் பூஜ்யம். படிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. போரான் கலந்த நுண்படிக வைரப் படலங்களில் ஸ்பின்கள் ஒரே திசையில் இணைவதற்கான அறிகுறிகள் தெரிவதாக ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகக் குழு சொல்கிறது. உண்மையானால் பெரிய விஷயம், கூட்டல் பூஜ்யமாகாது. ஆனால் ஆயிரக்கணக்கான படிக எல்லைகள் உள்ள படலத்தில் மின்தடை வளைவை மட்டும் வைத்து ஸ்பின்னைப் பேசுவதில் எனக்குத் தயக்கம் உண்டு.

நைட்ரஜன் கதை வேறு. ஒரு நைட்ரஜன் அணு, பக்கத்திலேயே கார்பன் இல்லாத ஒரு காலியிடம், கூடவே வெளியிலிருந்து வந்த ஓர் எலெக்ட்ரான்: இந்தக் கூட்டணியின் ஸ்பின் மதிப்பு 1. பச்சை லேசரை அடித்தால் சிவப்பாக ஒளிரும். ஒளி பிரகாசமா மங்கலா என்பதிலேயே ஸ்பின் நிலை தெரிந்துவிடும். 2.87 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையால் அதைத் திருப்பலாம். இத்தனையும் அறை வெப்பநிலையில்! தாமே குட்டிக் காந்தங்களாக இருந்து ஸ்பின்னைக் கலைக்கும் கார்பன்-13 அணுக்களைக் குறைத்த வைரத்தில் அந்த நிலை மில்லிநொடிக்கு மேல்கூடக் கலையாமல் நிற்கிறது.

எனவே ஸ்பின் என்றால் என் ஓட்டு நைட்ரஜனுக்கே. இரண்டையும் ஒரே கல்லில் போட்டால் என்ன என்று கேட்கலாம். போரான் அந்தக் கூடுதல் எலெக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும், வெளிச்சத்தில் ஸ்பின்னைப் படிக்கும் வித்தை போய்விடும். அதனால் தனித்தனியாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்: நைட்ரஜன் வைரத்தை ஒரு மீக்கடத்தியின் மேல் வைத்து, அதில் மெல்லிய இழைகளாக நுழையும் காந்தப்புலத்தை, அதாவது காந்தச் சுழல்களைப் படமெடுக்கிறார்கள்.