மணியடிக்கும் தவக்காலச் செயலி: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

கத்தோலிக்கரின் நோன்புக் காலமான தவக்காலத்தில், திருநீற்றுப் புதன் முதல் உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) வரை நாளுக்கொரு வாசகம், ஒரு சிந்தனை, ஒரு சிறிய ஒறுத்தல் முயற்சி என்று கூடவே வருவதாகச் சொல்லும் கைப்பேசிச் செயலி ஒன்றை, 2024, 2025 ஆகிய இரண்டு தவக்காலங்களிலும், காய்ச்சலில் படுத்திருந்த இரண்டு நாட்கள் நீங்கலாக, நாள்தோறும் பயன்படுத்தினேன். குறைகளையும் எழுதவிருப்பதால் அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இவ்வகைச் செயலிகள் பலவும் ஏறத்தாழ ஒரே வார்ப்பில் அமைந்தவை என்பதால், வேறொன்றைத் தேர்ந்தெடுப்பவருக்கும் இக்கருத்துகள் உதவலாம். நாட்காட்டியிலும் நோன்பு விதிகளிலும் இச்செயலி பெரும்பாலும் நம்பத்தக்கது. ஆனால் துணை மிகவும் தேவைப்படுகிற, உயிர்ப்புக்கு முந்தைய புனித வாரத்தில், பேசக் கூடாத வேளையில் பேசியும் பேச வேண்டிய வேளையில் வாயடைத்தும் நம்மைக் கைவிட்டுவிடுகிறது.

முதலில் அதன் நாள் கணக்கைப் பாராட்ட வேண்டும். தவக்காலம் நாற்பது நாள் என்று சொல்கிறோம்; ஆனால் திருநீற்றுப் புதனிலிருந்து புனித சனி வரை விரல்விட்டு எண்ணினால் 46 நாட்கள் வருகின்றன. இடையில் வரும் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளை நீக்கினால்தான் கணக்கு நாற்பதில் நிற்கும். ஒவ்வொரு ஞாயிறும் ஆண்டவரின் உயிர்ப்பை நினைவுகூரும் நாள் என்பதால் அது நோன்பு நாளாகக் கொள்ளப்படுவதில்லை. நான் முன்பு பயன்படுத்திய வேறொரு செயலி புதன்கிழமையில் தொடங்கி வரிசையாக எண்ணிக்கொண்டே போய், புனித வாரம் பிறந்த ஞாயிறன்றே நாற்பதை முடித்துவிட்டு, அதற்குப் பின் என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்தது. இந்தச் செயலியோ ஞாயிறுதோறும் எண்ணிக்கையை நிறுத்திவைத்து, திங்களன்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. தவக்காலம் முழுவதும் ஊதாவாக இருக்கும் திரை, நான்காம் ஞாயிறன்று மட்டும் இளஞ்சிவப்பாக மாறுகிறது. அன்று குருவானவர் இளஞ்சிவப்புத் திருவுடை அணியலாம் என்பதை அறிந்த ஒருவர் இதில் உழைத்திருக்கிறார் என்று தெரிந்தபோது மனத்துக்கு நிறைவாக இருந்தது.

அதே கவனம் எல்லா இடத்திலும் இல்லை. வசந்தகாலப் பௌர்ணமிக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையே உயிர்ப்புப் பெருவிழா என்பதும், மார்ச் 21-ஐ அடிப்படையாகக் கொண்ட திருச்சபைக் கணக்கின்படி அது மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எந்த ஞாயிறிலும் வரலாம் என்பதும் பலருக்குத் தெரிந்தவை. இப்படி நகரும் விழாவோடு நகராத விழாக்கள் மோதும்போதுதான் ஒரு நாட்காட்டியின் தரம் வெளிப்படுகிறது. 2024-இல் உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 31 அன்று வந்ததால், மார்ச் 25 புனித வாரத்துத் திங்களாக அமைந்தது. மார்ச் 25-க்குரிய மங்கள வார்த்தைப் பெருவிழாவைப் புனித வாரத்தில் கொண்டாட முடியாது என்பதால் திருச்சபை அதை ஏப்ரல் 8-க்கு மாற்றியிருந்தது. செயலியோ வழக்கம்போல் மார்ச் 25 அன்றே வெண்ணிறத் திரையோடு வானதூதர் மரியாவுக்கு மங்களம் சொன்ன காட்சியைக் காட்டி, மகிழ்ந்து கொண்டாடச் சொன்னது. பிழையைச் சுட்டிக்காட்டி எழுதினேன். நன்றி தெரிவித்து மடல் வந்தது. 2025-இல் அந்த நாள் சாதாரணத் தவக்காலச் செவ்வாயாக இருந்ததால், திருத்தினார்களா இல்லையா என்று அறிய வழியில்லாமல் போயிற்று.

கீழைத் திருச்சபைகளைப் பின்பற்றுவோருக்கென ஒரு தனித் தெரிவும் உண்டு. அதை நம்ப வேண்டாம் என்பதே என் அறிவுரை. 2024-இல் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளின் உயிர்ப்புப் பெருவிழா மே 5 அன்று வந்ததைச் செயலி சரியாகவே காட்டியது. ஆனால் அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி அவர்களுக்கும் ஒரு திருநீற்றுப் புதனை உண்டாக்கிக் கொடுத்துவிட்டது. அவர்களுடைய பெருநோன்பு தூய திங்கள் எனப்படும் நாளில், அந்த ஆண்டு மார்ச் 18 அன்று, தொடங்கியது; சாம்பல் பூசும் புதன்கிழமை அவர்களிடம் இல்லை. இறைச்சியோடு பாலும் முட்டையும் விலக்குகிற அவர்களது நோன்பு முறையைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. 2025-இல் இரு தரப்பினருக்கும் ஏப்ரல் 20 அன்றே பெருவிழா வந்ததால் இந்தக் குறை பலரது கண்ணில் படாமல் தப்பியது.

நோன்பு விதிகளைப் பற்றிய பகுதி தெளிவானது. வயதைக் கேட்டுக்கொண்டு, அதற்கேற்ற கடமையைச் சொல்கிறது: பதினான்கு வயது நிறைந்தவர்களுக்கு இறைச்சி விலக்கும் சுத்தபோசனம், பதினெட்டு நிறைந்தது முதல் அறுபதாம் வயது தொடங்கும் வரை நோன்பு, திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் இரண்டும் சேர்ந்த நாட்கள். நோன்பு என்றால் பட்டினி என்று நினைத்துக்கொண்டு மயங்கி விழுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வேளை முழு உணவும், சேர்த்துப் பார்த்தாலும் ஒரு முழு உணவுக்குக் குறைவான இரண்டு சிற்றுண்டிகளும் கொள்ளலாம் என்பதையும், நோயாளிகளையும் கருவுற்ற பெண்களையும் இக்கடமை கட்டாயப்படுத்தாது என்பதையும் நான்கே வரிகளில் சொல்லிவிடுகிறது.

இந்த விதிகளின் தமிழ் வடிவம் முதலாண்டில் நகைப்புக்கு இடமளித்தது. ஆங்கிலத்தில் நோன்பைக் குறிக்கும் சொல்லே விரைவையும் குறிப்பதால், திருநீற்றுப் புதனன்று காலை என் கைப்பேசித் திரையில் ‘இன்று வேகமான நாள்’ என்ற அறிவிப்பு வந்தது. பெரிய வெள்ளி ‘நல்ல வெள்ளி’ ஆகியிருந்தது. இயேசுவின் பாடுகளையும் பேரார்வத்தையும் ஒரே ஆங்கிலச் சொல் குறிப்பதால், பாடுகளின் ஞாயிறு ‘பேரார்வ ஞாயிறு’ என்று வந்ததைப் படித்து வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். இயந்திர மொழிபெயர்ப்பை ஒரு முறை கண்ணோட்டம் விட்டிருந்தாலே நீங்கியிருக்கக்கூடிய பிழைகள் இவை. இரண்டாம் ஆண்டில் பெரும்பாலானவை சரிசெய்யப்பட்டு, வழக்கிலுள்ள சொற்களே இடம்பெற்றிருந்தன.

அடுத்த குறை இவ்வளவு எளிதில் திருத்தக்கூடியதன்று. அது செயலியின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் திருநீற்றுப் புதனன்று வாசிக்கப்படுவது மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம்: வலக்கை செய்யும் தருமம் இடக்கைக்குத் தெரிய வேண்டாம், கதவை அடைத்துக்கொண்டு செபியுங்கள், நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவி எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள் என்று இயேசு சொல்லும் பகுதி. செயலி இந்த வாசகத்தை அழகிய எழுத்துருவில் முழுவதும் கொடுத்துவிட்டு, அதன் அடியிலேயே, ‘என் நோன்பை நண்பர்களுடன் பகிர்’ என்று ஒரு பொத்தானை வைத்திருக்கிறது. ஏழு நாள் தொடர்ந்து நோன்பு காத்தால் ஒரு பதக்கம், இருபது நாளுக்கு இன்னொன்று. பகிர்வதை நிறுத்திவைக்கலாம் என்றாலும், முதலில் திறக்கும்போது அது இயங்கும் நிலையிலேயே இருக்கிறது. அமைப்புகளுக்குள் மூன்று பக்கம் கடந்து போய்த்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

காய்ச்சலில் கிடந்த அந்த இரண்டு நாட்களில் நான் செயலியைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்தபோது பதக்கங்கள் மறைந்து, கணக்கு சுழியத்துக்குத் திரும்பி, ‘மீண்டும் தொடங்குங்கள்’ என்று எழுதியிருந்தது. நோயாளிக்கு நோன்புக் கடமை இல்லை என்று தானே சொன்ன செயலி அது. அதே செயலியில் உள்ள, இயேசுவின் பாடுகளை நிலை நிலையாகத் தியானிக்கும் சிலுவைப்பாதையில் அவர் மூன்று முறை விழுகிறார். ஒவ்வொரு முறையும் விழுந்த இடத்திலிருந்தே எழுந்து நடக்கிறார், பிலாத்துவின் அரண்மனைக்குத் திரும்பிப் போய் முதல் நிலையிலிருந்து தொடங்குவதில்லை. கணக்கெழுதும் பகுதியை வடிவமைத்தவர், சிலுவைப்பாதைப் பகுதியைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார் என்று தோன்றியது.

அந்தச் சிலுவைப்பாதைதான் செயலியின் மிகச் சிறந்த பகுதி. பன்னிரண்டாம் கிளமெண்ட் திருத்தந்தை 1731-இல் பதினான்கு என்று உறுதிப்படுத்திய மரபு நிலைகளும், இரண்டாம் யோவான் பவுல் 1991-இல் அறிமுகப்படுத்திய, விவிலியத்தை மட்டும் அடிப்படையாகக் கொண்டு கெத்சமனித் தோட்டத்தில் தொடங்கும் நிலைகளும் தனித்தனியே கிடைக்கின்றன. மரபு நிலைகளில் வரும் மூன்று வீழ்ச்சிகளும் இயேசுவின் முகத்தைத் துடைக்கும் வெரோணிக்காவும் நற்செய்தி நூல்களில் இல்லை என்பதால் தயங்குபவர்கள் இரண்டாவதைத் தேர்ந்துகொள்ளலாம். எனக்கு மரபு நிலைகளே நெருக்கமானவை. வாசிக்கும் குரலில் நாடகத்தனம் இல்லை. ஆயினும் ஒவ்வொரு நிலையிலும் முழந்தாளிட்டு எழுவதற்குள் குரல் அடுத்த நிலைக்குப் போய்விடுகிறது. முழங்கால் வலியுள்ள முதியவர்கள் நான்காம் நிலையில் எழும்போது, ஒலிப்பதிவு ஆறாம் நிலையில் இருக்கும். இடைவெளியை நீட்டிக்கொள்ள வழி வைத்திருக்கலாம்.

இனி புனித வாரம். பெரிய வியாழன் மாலை, ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலியில் வானவர் கீதம் பாடப்படும்போது மணிகள் ஒலித்து ஓய்கின்றன. உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய இரவில் நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில் அதே கீதம் மீண்டும் எழும் வரை அவை ஒலிப்பதில்லை. இடைப்பட்ட நேரத்தில் மணிக்குப் பதிலாக மரக்கருவியைத் தட்டி ஒலியெழுப்பும் வழக்கம் பல ஆலயங்களில் உண்டு. திருப்பீடத்தின் விரிப்புகள் அகற்றப்பட்டு, கோவிலே வெறுமையாக நிற்கிறது. இச்செயலியின் அறிவிப்பு ஒலி எது தெரியுமா? ஆலய மணியோசை. மற்ற நாட்களில் இனிமையாகவே இருந்த அந்த ஓசை, பெரிய வெள்ளியன்று பிற்பகல் மூன்று மணிக்கு, ஆண்டவர் உயிர்விட்ட நேரத்தை நினைவூட்டும் பொருட்டு, மூன்று முறை கணீரென்று ஒலித்தது. அந்த நேரத்தில் நான் வழிபாட்டில் இருந்தேன். பாடுகளின் வரலாறு வாசிக்கப்படுகையில் இயேசு தலைசாய்த்து உயிர்விட்டதும் எல்லோரும் முழந்தாளிட்டு அமைதி காத்தபோதுதான் அது நடந்தது. கைப்பேசியை அணைத்து வைக்காதது என் தவறு. ஆயினும் ஆண்டின் மற்ற நாட்களில் எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும், இந்த இரண்டு நாட்களிலாவது வாய்மூடியிருக்க அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கலாம்.

மறுநாள் புனித சனி காலை ஏழு மணிக்கு, ‘நிறைவு செய்துவிட்டீர்கள், உயிர்ப்பு விழா வாழ்த்துகள்’ என்ற செய்தி தங்கநிறப் பூக்களோடு வந்தது. அந்த வேளையில் கல்லறை இன்னும் அடைத்தே இருக்கிறது. அன்று பகலில் திருப்பலியே கிடையாது. 1955-இல் பன்னிரண்டாம் பயஸ் புனித வாரத்தைச் சீரமைத்துத் திருவிழிப்பை இரவுக்கே திரும்பக் கொண்டுசென்றதற்கு முன், பல நூற்றாண்டுகளாக அது சனிக்கிழமை காலையிலேயே நடந்துவந்தது. தம்மை அறியாமலே அந்தப் பழைய வழக்கத்தை மீட்டெடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம்.

திருவிழிப்பு இரவில் செயலியைத் திறந்தது நான் செய்த இரண்டாம் தவறு. விளக்குகள் அணைக்கப்பட்டு, புதுத்தீ மந்திரிக்கப்பட்டு, ஆண்டின் நான்கு இலக்கங்களும் முதலும் முடிவுமான கிரேக்க எழுத்துகளும் பொறிக்கப்பட்ட பாஸ்கா மெழுகுதிரி உள்ளே வந்து, ‘கிறிஸ்துவின் ஒளி’ என்று மூன்று முறை பாடப்படுகையில் கையிலுள்ள சிறு திரிகள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பற்றுகின்றன. வாசகங்களைப் பின்தொடரலாம் என்று அந்த இருட்டில் நான் கைப்பேசியைத் திறக்க, வெள்ளைத் திரையின் வெளிச்சம் முன்வரிசை வரை பாய்ந்தது. இருள் நிறத் திரை இந்தச் செயலியில் இல்லை. ஒருவர் திரும்பிப் பார்த்தார், மூடிவிட்டேன். பார்த்திருந்தாலும் பெரிய பயன் கிடைத்திருக்காது: பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழில், குறைந்த அளவாக அனுமதிக்கப்பட்ட மூன்றைத்தான் அது வைத்திருக்கிறது. ஒருபோதும் விடக் கூடாத விடுதலைப் பயண வாசகத்தைச் சேர்த்திருக்கிறார்களே என்று ஆறுதல் கொள்ளலாம்.

உயிர்ப்புப் பெருவிழா அன்று திறந்தால், வெறுமையான திரையில் ‘அடுத்த தவக்காலத்துக்கு இன்னும் 304 நாட்கள்’ என்று காட்டுகிறது. நாற்பது நாள் நோன்பைத் தொடர்ந்து வருவது தூய ஆவியாரின் வருகையைக் கொண்டாடும் பெந்தக்கோஸ்து வரை நீளும் ஐம்பது நாள் மகிழ்ச்சி. அதில் முதல் எட்டு நாட்களும் பெருவிழாக்கள். தவக்காலம் முழுவதும் உச்சரிக்கப்படாத அல்லேலூயா நாள்தோறும் ஒலிக்கும் காலம். அந்த ஐம்பது நாட்களுக்கென இந்தச் செயலியில் ஒரு வரி கூட இல்லை.

பயன்படுத்த விரும்புபவர்கள் நிறுவியவுடன் பகிரும் வசதியையும் பதக்கக் கணக்கையும் நிறுத்திவிட்டு, அறிவிப்பு ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு, நோன்பு விதிகளுக்கும் அன்றாட வாசகங்களுக்கும் சிலுவைப்பாதைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். பெரிய வியாழன் மாலை முதல் அச்சிட்ட வழிபாட்டு நூலே போதும். நான் இன்னும் அதை நீக்கவில்லை. 2027-இல் உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 28 அன்று வருவதால் மார்ச் 25 பெரிய வியாழனாக அமைகிறது. மங்கள வார்த்தைப் பெருவிழா ஏப்ரல் 5-க்குத் தள்ளிப்போகும். அந்த வியாழன் காலையில் திரை எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வைத்துக்கொள்வதா நீக்குவதா என்று முடிவு செய்யவிருக்கிறேன்.