ஏற்காடு ஏற்றத்தில் ஃப்ரான்க்ஸ் டர்போ ஆட்டோமேட்டிக்: கன்வெர்ட்டரை மாற்ற வேண்டுமா?

சேலம் அடிவாரத்தைத் தாண்டியதும் வரும் 20 கொண்டை ஊசி வளைவுகளைவிட ஆட்டோமேட்டிக் வண்டிக்கு நல்ல பரீட்சை இந்தப் பக்கத்தில் இல்லை. வளைவில் மேலிருந்து பஸ் இறங்கினால் கிட்டத்தட்ட நின்று வழிவிட்டு, முழுப் பாரத்தோடு அதே ஏற்றத்தில் மறுபடி கிளம்பியாக வேண்டும். அந்த நொடியில் வண்டியைத் தூக்குவது, எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஆயில் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர்தான்.

மாருதி ஃப்ரான்க்ஸ் 1.0 டர்போவில் இருப்பது 998 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சின். 100 பி.எஸ். பவர், 147.6 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). அந்த டார்க் முழுதாகக் கிடைப்பது 2000 ஆர்.பி.எம்.முக்கு மேல்தான். அதற்குக் கீழே இருக்கும் பள்ளத்தைக் கன்வெர்ட்டர் நன்றாகவே நிரப்புகிறது. சக்கரம் நகரும் முன்பே எஞ்சினைக் கொஞ்சம் வழுக்கி மேலே ஓடவிடுகிறது. டர்போ சுழலத் தொடங்குகிறது. கன்வெர்ட்டருக்குள் ஆயிலைத் திருப்பிவிடும் ஸ்டேட்டர் என்ற சக்கரம் டார்க்கைப் பெருக்குகிறது. நின்ற நிலையில் இந்தப் பெருக்கம் பொதுவாக 2 மடங்கை ஒட்டி இருக்கும். ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒன்றான ஐ.எஸ்.ஜி. மோட்டாரின் உதவியும் உண்டு. ஏற்றத்தில் ஊர்ந்தாலும் கிளட்ச் கருகும் வாடை கிடையாது. ஒரே குறை, மிதியைத் தளர்த்தினால் கியர்பாக்ஸ் மேல் கியருக்குப் போய்விட்டு, அடுத்த வளைவில் இறங்கி வர யோசிக்கிறது. ஸ்டீயரிங் பின்னால் இருக்கும் கியர் பேடிலைத் தட்டி இரண்டாம் கியரில் வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

ரீமேப் (எஞ்சின் சாஃப்ட்வேரை மாற்றிப் பவரைக் கூட்டுவது) செய்தவர்கள் அடுத்துக் கேட்பது அதிக ஸ்டால் கன்வெர்ட்டர். ஸ்டால் ஸ்பீடு என்பது, வண்டியை நகரவிடாமல் பிடித்து முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் எஞ்சின் எட்டும் உச்ச ஆர்.பி.எம். அது கன்வெர்ட்டரில் நிரந்தரமாகப் பதிந்த எண் இல்லை. எஞ்சின் கொடுக்கும் டார்க்கின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து அது ஏறும், இறங்கும். 150 நியூட்டன் மீட்டரில் 2000 காட்டும் கன்வெர்ட்டர், டார்க் 200 ஆனால் சுமார் 2300 காட்டும். அதாவது ரீமேப் செய்தாலே ஸ்டால் தானாக உயர்ந்துவிடுகிறது.

டர்போ வண்டியில் கவனிக்க வேண்டிய இடம் இதற்கு முந்தையது. கிளம்பும்போது பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தம், இல்லை. அப்போது எஞ்சின் 90 நியூட்டன் மீட்டர்தான் தருகிறது என்று வையுங்கள். அதே கன்வெர்ட்டர் 1550 பக்கத்தில் நின்றுவிடும். அந்த வேகத்தில் டர்போவுக்கு உயிர் வந்தால், டார்க் கூடி, ஸ்டாலும் கூடி, வண்டி பாயும். வராவிட்டால் முள் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், ஏற்றத்தில் வண்டி தவிக்கும். ஆகவே பூஸ்ட் இல்லாத நிலையின் ஸ்டால், பூஸ்ட் பிறக்கும் ஆர்.பி.எம்.மைத் தொட்டால் போதும். மிச்சத்தை டர்போ பார்த்துக்கொள்ளும்.

கம்பெனி டர்போவையே வைத்திருப்பவர்கள் கன்வெர்ட்டரைத் தொட வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. 3000-க்கு மேல்தான் பூஸ்ட் கொடுக்கும் பெரிய டர்போ மாட்டியவர்களுக்குத்தான் மாற்றம் அவசியம். அவர்களும் '3000 ஸ்டால்' என்று மொட்டையாகக் கேட்டு வாங்கக் கூடாது. எத்தனை நியூட்டன் மீட்டரில் அளந்த 3000 என்று விற்பவரிடம் கேளுங்கள். வண்டி எடை, ஃபைனல் டிரைவ் விகிதம், டயர் விட்டம், பூஸ்ட் பிறக்கும் ஆர்.பி.எம்., அந்த இடத்தில் கிடைக்கும் டார்க் எல்லாவற்றையும் கொடுங்கள். இதைக் கேட்காமல் விலை சொல்கிற கடை வேண்டாம்.

ஸ்டாலை அதிகமாக ஏற்றினால் வழுக்கல் முழுவதும் சூடாகிறது. மலையில் குறைந்த வேகத்தில் வழுக்கலை நிறுத்திக் கன்வெர்ட்டரை நேராக இணைக்கும் லாக்-அப் கிளட்ச் பெரும்பாலும் பிடிக்காது, மே மாத வெயிலில் காற்றும் குளிர்விக்காது. கியர் ஆயில் 120 டிகிரியைத் தாண்டினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். தனி ஆயில் கூலர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

ஸ்டால் பார்க்கும் முறை: ஆயில் சூடாக இருக்கட்டும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கும் கால்பிரேக்கும் பிடித்து, டி-யில் முழு ஆக்சிலேட்டர். 5 விநாடிக்கு மேல் கூடாது. பிறகு நியூட்ரலில் ஒரு நிமிடமாவது ஐடிலில் ஓடவிட வேண்டும். புது வண்டிகளில் இரண்டு பெடலையும் மிதித்தால் இ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) த்ராட்டிலை வெட்டிவிடும், அப்போது வரும் எண்ணை நம்ப முடியாது. அளவு கூடினால் ஆயில் குறைவு அல்லது உள்ளே கிளட்ச் வழுக்கல். குறைந்தால் ஸ்டேட்டரின் ஒருவழி கிளட்ச் போயிருக்கலாம், எஞ்சினே பலவீனமாகவும் இருக்கலாம். இன்டர்கூலர் ஹோஸ் கிளாம்ப் தளர்ந்து காற்று கசிந்தாலும் இதே அறிகுறிதான். கியர்பாக்ஸை இறக்கும் முன் அதை இறுக்கிப் பாருங்கள்.