லயன் கிங் (2019) தமிழ் டப்பிங்: மூஞ்சில ஒண்ணுமே தெரியல, குரல்தான் காப்பாத்துது

அக்கா பையன் அடம் புடிச்சான்னு நேத்து ராத்திரி லயன் கிங் போட்டோம், 1994-ல வந்த கார்ட்டூன் இல்ல, 2019-ல ஜான் ஃபாவ்ரோ எடுத்தது. தியேட்டர்ல இத வாயப் பொளந்துதான் பாத்தேன், ஒத்துக்குறேன். புழுதி, வெயில், காத்துல ஆடுற பிடரி எல்லாம் அசல் காட்டுக்குள்ள போன மாதிரியே இருக்கும், இத்தனைக்கும் ஆரம்பத்துல வர்ற சூரிய உதயம் ஒண்ணுதான் நிஜமா கேமரால எடுத்த ஷாட்டாம், மீதி பூரா கம்ப்யூட்டர்.

ஆனா முபாசா சாகுற சீன் இருக்கே. பழைய படத்துல குட்டி சிம்பா செத்துக் கிடக்குற அப்பனோட கைக்கு அடியில போய் சுருண்டு படுத்துக்கும், எத்தன தடவ பாத்தாலும் எனக்கு தொண்ட அடைச்சிரும். இதுலயும் அதே சாவுதான், எனக்கு ஒண்ணுமே ஆகல. பையன் முறுக்க கடிச்சிக்கிட்டே "மாமா, சிம்பா அழுவுதா சும்மா பாக்குதா"ன்னு கேக்குறான். எனக்கே தெரியலடா.

அசல் சிங்கத்துக்கு நம்மள மாதிரி புருவம் ஏது? 1994-ல வரைஞ்சவங்க ஸ்டுடியோவுக்கே நிஜ சிங்கத்த வரவழைச்சு பாத்து பாத்துதான் வரைஞ்சாங்க, நடை பாய்ச்சல் எல்லாம் அதுல இருந்து எடுத்துக்கிட்டாங்க, ஆனா மூஞ்சிய மட்டும் மனுஷனுக்கு விட்டுட்டாங்க. புருவம் ஏறி இறங்கும், கண்ணு விரியும், வில்லன் ஸ்கார் ஒரு பக்கமா சிரிக்கறப்பவே இவன் ஏதோ பண்ணப் போறான்னு புரிஞ்சிரும். புதுசுல நிஜமா இருக்கணும்னு அதையெல்லாம் தொடச்சிட்டாங்க, வாய் மட்டும் அசையுது. 'பிளானெட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்துல சீசர்ங்கற குரங்கப் பாத்து நாம கலங்குனோம்ல, அது ஆண்டி செர்கிஸ் நடிச்சத அப்படியே குரங்கு மூஞ்சிக்கு ஏத்துனதால. இங்க அப்படி ஒரு மனுஷன் உள்ள இல்ல.

அதனால தமிழ்ல பாருங்கன்னுதான் சொல்லுவேன். ஸ்காருக்கு அரவிந்த் சாமி, சிங்கம் சும்மா முறைச்சிக்கிட்டு நிக்குது, வஞ்சகம் பூரா அந்த கொரல்லதான் இருக்கு. சிம்பாவுக்கு சித்தார்த், ஓகே ரகம். டீமோனுக்கு சிங்கம்புலி, காட்டுப்பன்னி பும்பாவுக்கு ரோபோ சங்கர், இவங்க ரெண்டு பேரும் வந்தப்புறம்தான் வீட்ல சிரிப்புச் சத்தமே கேட்டுச்சு, காமெடிக்கு மூஞ்சி அவ்வளவா தேவப்படல போல. ஜாஜு பறவைக்கு மனோபாலா. அவரு 2023-ல போயிட்டாரு, ரோபோ சங்கர் 2025-ல. முபாசா செத்தப்ப வராத அழுகை அந்த காட்டுப்பன்னி ஜாலியா பேசறப்ப வந்துருச்சு, பையன் என்னைய ஒரு மாதிரி பாக்குறான்.

5-க்கு 3. அதுல ஒண்ணரை டப்பிங்குக்கு.