தைல மரமா, கோயில் காடா: செட்டிநாட்டுத் தரிசில் தீக்கு எது தாங்கும்?

காரைக்குடி, திருமயம் பக்கம் தரிசாகக் கிடக்கும் செம்புரை நிலத்தில் என்ன வைக்கலாம் என்று கேட்டால் சட்டென்று வரும் பதில் தைல மரம்தான், அதாவது யூகலிப்டஸ். ஆடு மாடு கடிக்காது, சில வருடங்களில் காகித ஆலைக்கு வெட்டலாம், வெட்டிய கட்டை மறுபடி துளிர்க்கும். காசு என்று பார்த்தால் நாட்டு மரங்கள் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

தீ என்று வரும்போதுதான் எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. பங்குனியில் தைலத் தோப்புச் சருகை ஒரு கை அள்ளிப் பாருங்கள்: மக்காத இலை, சுருண்டு உரிந்த பட்டை, காய்ந்த குச்சி. இலை எண்ணெயின் ஆவி 49 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்ளும். வரிசை நடவில் வெயிலும் காற்றும் தரை வரை இறங்குவதால் புல்லும் முளைத்துக் காய்கிறது. அணைக்காத ஒரு பீடித்துண்டு போதும். இந்த மரத்தின் தாயகமான ஆஸ்திரேலியாவில் எரியும் பட்டைத் துண்டுகள் காற்றில் பறந்து, தீக்கு முன்னாலேயே போய் விழுந்து புதுத் தீ மூட்டும். 2009 பிப்ரவரியில் அங்கே விக்டோரியா மாநிலத்தில் 173 பேரைக் கொன்ற தீ அப்படித்தான் தாவிப் பரவியது. நம் தோப்புகள் சிறியவை, ஆனாலும் பட்டை உரியும் குணம் அதேதான்.

அய்யனார் கோயிலைச் சுற்றி நிற்கும் காடு வேறு வகை. வீரை, காயா, பாலை என்று கோடையிலும் இலை நிற்கும் மரங்கள். வனவியலில் இதை வறண்ட பசுமைமாறாக் காடு என்பார்கள். மேலே மரம், நடுவே புதர், இடையே கொடி என்று அடைத்து நிற்பதால் உள்ளே புல் வராது, காற்றும் வீசாது. சருகை விலக்கினால் அடியில் மண் கறுத்துக் குளிர்ந்திருக்கும். இது தீயில் எரிந்து மீண்டு பழகிய காடு அல்ல, தீயை உள்ளே விடாத காடு. அதனால் ஓரத்தை வெட்டித் திறந்துவிட்டால் அங்கே புல் ஏறும், பின்னாலேயே தீயும் வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் காடு சுருங்கும்.

லேசாகத் தீ வைப்பது காட்டுக்கு நல்லது என்றும் சொல்வதுண்டு. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் பழங்குடிகள் கோடைத் தொடக்கத்தில் வைத்துவந்த லேசான தீயை நிறுத்திய பிறகு உண்ணிச்செடி என்ற அந்நியக் களை பெருகியதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அது இலையுதிர் காட்டுக்குச் சரி. அதை இங்கே கொண்டுவந்து கோயில் காட்டில் கொளுத்தக் கூடாது.

தரிசில் தானாகவே ஏறும் சீமைக்கருவேலைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கரி மூட்டம் போட உதவும். எரித்தாலும் வேர்க்கட்டையிலிருந்து திரும்ப வரும்.

நாட்டுக் காடு மெதுவாகத்தான் வளரும், உண்மை. ஆனால் ஆரோவில்லில் பொட்டலாய்க் கிடந்த செம்மண்ணில் சீக்கிரம் வளரும் மரங்களை முதலில் வைத்து, அந்த நிழலில் கோயில் காட்டு மரங்களை வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். கண்மாய்க்கு வரத்து ஓடும் நிலமாக இருந்தால் நான் யோசிக்காமல் நாட்டு மரத்தையே சொல்வேன். தைலத் தோப்பில் வெட்டும் குழியும் வரப்பும் தண்ணீரை மறித்துவிடும். ஏற்கெனவே தைலம் வைத்திருப்பவர்கள் தை மாதத்திலேயே தோப்பின் நாலு ஓரமும் புல்லைச் செதுக்கி, சருகைக் கூட்டி, வெறும் மண் தெரிய வைத்துவிடுங்கள். கோயில் காட்டை ஒட்டிய பக்கம் முதலில்.